பெரிய காலிபர் வேண்டும், உதைப்பும் கைக்குள் அடங்க வேண்டும்: எந்தக் கைத்துப்பாக்கி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். நண்பரின் எடை குறைந்த .44 மேக்னம் ரிவால்வரில் ஐந்து தோட்டா சுட்டிருக்கிறீர்கள். உள்ளங்கை மரத்துப் போய்விட்டது. அன்றிலிருந்து சாதாரண 9 மி.மீ. பிஸ்டலைப் பிடித்தால்கூட விசை விழும் முன்பே கண் மூடிக்கொள்கிறது. ஆனாலும் பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) மேல் உள்ள ஆசை போகவில்லை. 25 மீட்டரில் காகித இலக்கும் இரும்புத் தட்டும் சுடுவதற்கு, உதைப்பைத் தாங்கக்கூடிய ஒரு பெரிய காலிபர் கைத்துப்பாக்கி எது என்று கேட்கிறீர்கள். கை நடுத்தர அளவு, மணிக்கட்டில் பழைய காயம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தத் துப்பாக்கி என்பது ஒன்று. ஒருமுறை பயந்துபோன கை மறுபடி பழைய நிலைக்கு வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பாதி பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதற்குப் பதில் தேடினால், எதை வாங்கினாலும் ஆறு மாதத்தில் விற்கத்தான் தோன்றும். பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சுடுதளத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் கைத்துப்பாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். உங்களைப் போல முதல் நாளே தவறான துப்பாக்கியைக் கையில் வாங்கி அடிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒன்று. உதைப்பைத் தீர்மானிப்பது குண்டின் விட்டம் அல்ல. .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் குண்டு விட்டம் சுமார் 11.5 மி.மீ. உங்கள் கையை மரக்க வைத்த .44 மேக்னம் குண்டு 10.9 மி.மீ.தான். விட்டத்தில் சின்னதாக இருப்பதுதான் இங்கே பல மடங்கு உதைக்கிறது. குண்டும் அதன் பின்னால் சீறும் வெடிமருந்துப் புகையும் எவ்வளவு உந்தத்தோடு முன்னால் போகின்றனவோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வருகிறது. அந்த உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்னால் வரும் வேகம் கிடைக்கும். கை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடை பாதியானால் உதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகும். உந்தம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

எண்களாகவே பார்த்துவிடுவோம். .45 ஏசிபியின் வழக்கமான தோட்டாவில் சுமார் 15 கிராம் குண்டு, நொடிக்கு 255 மீட்டர் வேகம். அதை 1.1 கிலோ எடையுள்ள எஃகுப் பிஸ்டலில் சுட்டால் உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய 8 ஜூல். .44 மேக்னத்தில் 15.5 கிராம் குண்டு நொடிக்கு 410 மீட்டருக்கு மேல் போகிறது, வெடிமருந்தும் அதிகம். 1.35 கிலோ ரிவால்வரில் அது 25 ஜூல் வரும். அதே தோட்டாவை முக்கால் கிலோ ரிவால்வரில் போட்டால் 45 ஜூலைத் தாண்டும். நீங்கள் சுட்ட ஐந்தும் இந்தக் கடைசி வகைதான். இன்னொரு கணக்கையும் பாருங்கள்: 700 கிராம் பிளாஸ்டிக் சட்டமுள்ள 9 மி.மீ. பிஸ்டலும் ஏறக்குறைய அதே 8 ஜூல்தான் உதைக்கிறது. ஆக, எஃகு .45 பிஸ்டலின் உதைப்பு நீங்கள் ஏற்கெனவே சுட்டுப் பழகிய 9 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். தோட்டாவுக்குத் தோட்டா வெடிமருந்தின் அளவும் வேகமும் மாறும், அதனால் ஒன்றிரண்டு ஜூல் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 8 ஒருபோதும் 45 ஆகிவிடாது.

இதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது முழு அளவு எஃகுச் சட்டமும் ஐந்து அங்குலக் குழலும் உள்ள .45 ஏசிபி பிஸ்டலை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட வகை அது. இன்று பல நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்கின்றன. அமெரிக்காவில் நடக்கும் புல்ஸ்ஐ போட்டிகளில் இந்த .45-ஐ ஒரே கையில் பிடித்து 50 கஜத்திலும் 25 கஜத்திலும் காகிதத்தில் சுடுகிறார்கள். அதில் வயதானவர்களும் உண்டு, மெலிந்த உடம்புக்காரர்களும் உண்டு. கையை உடைக்கும் துப்பாக்கியாக இருந்தால் இது நடக்காது. அவர்களில் பலர் 12 கிராம் குண்டை நொடிக்கு 235 மீட்டர் அளவில் அனுப்பும் மெதுவான இலக்குத் தோட்டாவைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான தோட்டாவோடு ஒப்பிட்டால் உந்தம் கால் பங்கு குறைகிறது, உதைப்பின் ஆற்றல் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். இதில் ஒன்றை மறக்காதீர்கள்: தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் வேலை செய்வதே அந்த உதைப்பை வைத்துத்தான். தோட்டா ரொம்ப மெதுவாகிவிட்டால் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) முழுதாகப் பின்னால் போகாமல் நடுவில் சிக்கும். மெதுவான தோட்டாவே போதும் என்று முடிவு செய்தால், ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற மெல்லியதாக மாற்ற வேண்டும்.

இந்த வகையை வாங்கினால் பிடியின் மேல் பக்கம், பின்னால் நீண்டிருக்கும் வால் போன்ற தகட்டைப் பாருங்கள். பழைய மாதிரியில் அது குட்டையாக இருக்கும். சுடும்போது சுத்தியல் பின்னால் வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்துவிடும். அகலமான வால் உள்ளது சதையைக் காப்பாற்றும், உதைப்பையும் பரவலாக உள்ளங்கைக்குக் கொடுக்கும். என்னிடம் வரும் ஒரு பெண்மணிக்கு மிகச் சின்னக் கை. பிடியின் இரு பக்கமும் இருந்த மரத் தகடுகளை மெல்லியதாக மாற்றி, விசையையும் குட்டையானதாக வைத்துக்கொண்டார். இப்போது 25 மீட்டரில் பத்துத் தோட்டாவையும் கறுப்பு வட்டத்துக்குள் வைக்கிறார். அவருக்காகக் காலிபரைக் குறைக்கவில்லை, கைக்கும் இரும்புக்கும் இடையிலிருந்த பொருத்தத்தைச் சரிசெய்தோம், அவ்வளவுதான்.

உங்கள் ஆசை .44 மேல்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இது இன்னும் பிடித்த வழி. கனமான ஆறு அங்குல .44 மேக்னம் ரிவால்வரை வாங்கி, அதில் .44 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடுங்கள். ஸ்பெஷல் 1907-இல் வந்தது. மேக்னம் 1955-இல் அதையே நீட்டிச் செய்தது. குண்டின் விட்டம் ஒன்றுதான், மேக்னத்தின் கூடு (குண்டையும் வெடிமருந்தையும் பிடித்திருக்கும் உலோக உறை) மட்டும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதல் நீளம். அதனால் மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தாராளமாகப் போகும். ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் போகக் கூடாது, அந்த நீளம் கூட்டப்பட்டதே அதைத் தடுக்கத்தான். 1.35 கிலோ ரிவால்வரில் .44 ஸ்பெஷல் உதைப்பது 6 ஜூல் அளவுதான். மேக்னத்தில் நான்கில் ஒரு பங்கு. காகிதத்தில் விழும் ஓட்டை அதே அளவு பெரியது, இரும்புத் தட்டிலும் கனமான சத்தம்தான் கேட்கும். ஒரு வருடம் ஸ்பெஷலிலேயே சுட்டுவிட்டு, கை தெம்பான பிறகு ஆறில் ஒன்றை மட்டும் மேக்னமாகப் போட்டுப் பார்க்கலாம். ஸ்மித் அண்ட் வெசன் 629, ரூகர் ரெட்ஹாக் இரண்டுமே இதற்கு ஏற்றவை. ரெட்ஹாக் இன்னும் கனம். ஸ்பெஷல் நிறையச் சுட்டால், உருளையில் தோட்டா உட்காரும் அறைக்குள் அந்தக் குட்டைக் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும். பிறகு மேக்னத்தைப் போட்டால் முழுதாக உள்ளே போகாமல் நிற்கும். தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும், அடித்துத் திணிக்க வேண்டாம்.

.45 ஏசிபி சுடும் கனமான ரிவால்வரும் உண்டு. இந்தத் தோட்டாவுக்கு வெளிவிளிம்பு இல்லாததால், ஆறு தோட்டாவையும் முழுநிலா வடிவத் தகட்டில் மாட்டி மொத்தமாக உள்ளே போட வேண்டும். ஒன்றேகால் கிலோ எடையில் மிக மென்மையாகச் சுடும். கிடைத்தால் விடாதீர்கள்.

இனி எதை விட வேண்டும் என்பது. கையடக்கமான, மூன்று அங்குலக் குழலுள்ள .45 பிஸ்டல்கள் கடையில் கையில் எடுக்கும்போது கவர்ச்சியாக இருக்கும். 600 கிராம் எடையில் அதே தோட்டா 13, 14 ஜூல் அளவுக்கு உதைக்கும், பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. நானே ஆரம்பத்தில் ஒன்று வாங்கினேன். ஐம்பது தோட்டா தாண்டுவதற்குள் மணிக்கட்டு கனத்துவிடும், பயிற்சி செய்ய மனமே வராது. இலக்கு சுடுவதற்கு அது வேண்டவே வேண்டாம். எடை குறைந்த உலோகக் கலவையில் செய்த மேக்னம் ரிவால்வர்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உதைப்பு வேகத்தில், இன்னும் சுடாமல் அறையில் இருக்கும் தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்துவிடும். கொஞ்சம் அதிகம் நகர்ந்தால் உருளையே சுழலாமல் பூட்டிக்கொள்ளும். இவை நாள் முழுக்கச் சுமந்து திரிய வேண்டியவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நூறு தோட்டா சுட்டுப் பழக அல்ல.

.500 ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர் 2003-இல் வந்தது. சுமார் இரண்டு கிலோ எடை இருந்தும் கையைத் தூக்கி எறியும். உங்கள் நிலையில் அதன் பக்கமே போக வேண்டாம். பெரிய ரிவால்வரை யார் முதல்முறை தொட்டாலும் ஒரு அறையில் மட்டும் தோட்டா போட்டுக் கொடுப்பது என் சுடுதளத்தில் மாறாத விதி. உதைத்து மேலே எழும்போது பயந்துபோன விரல் தன்னையறியாமல் இரண்டாம் முறை விசையை இழுத்துவிடும். அந்த நேரத்தில் குழல் வானத்தையோ சுடுபவரின் தலைப்பக்கத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். டெசர்ட் ஈகிள் என்ற பெரிய பிஸ்டலைப் பற்றியும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது வாயுவின் அழுத்தத்தால் இயங்குகிறது, எடையும் இரண்டு கிலோ, அதனால் .50 தோட்டாவுக்கு எதிர்பார்ப்பதைவிட மென்மையாகத்தான் சுடும். ஆனால் பிடி தடிமன் அதிகம், நடுத்தரக் கைக்கு விசை எட்டுவதே பாடு. கையைத் தளர்வாகப் பிடித்தால் சிக்கும். 10 மி.மீ. ஆட்டோ என்ற பிஸ்டல் தோட்டா உதைப்பில் .45-க்கும் .44 மேக்னத்துக்கும் நடுவில் நிற்கிறது, காகித இலக்குக்கு அந்தக் கூடுதல் வேகத்தால் பலன் எதுவும் இல்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கணக்கு. இனி வருவது அப்படி அடித்துச் சொல்ல முடியாத பகுதி. உதைப்பின் ஆற்றலை அளக்கலாம், கை அதை எப்படி உணர்கிறது என்பதை எண்ணாகச் சொல்ல முடியாது. .45 தள்ளுகிறது, வேகமான சின்னத் தோட்டாக்கள் சுண்டுகின்றன என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒரே துப்பாக்கியைச் சுட்டுவிட்டு ஒருவர் மென்மை என்றும் அடுத்தவர் அடி என்றும் சொல்வதை வாரம் தவறாமல் கேட்கிறேன். குழல் கைக்கு எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறதோ அவ்வளவு குறைவாக முனை எகிறும் என்பது இயக்கவியல்படி சரி. அந்த நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தால் உங்கள் இலக்கில் எவ்வளவு முன்னேற்றம் தெரியும் என்பது ஆளைப் பொறுத்தது. குழல் முனையில் துளையிட்டுப் புகையை மேல்நோக்கி விடும் அமைப்பு மேக்னத்தில் நன்றாகவே உதவும், அங்கே அழுத்தமும் புகையும் அதிகம். .45 ஏசிபி குறைந்த அழுத்தத் தோட்டா, அதில் பலன் கொஞ்சம்தான். இரண்டிலுமே பக்கத்தில் நிற்பவரின் காதுக்குக் கூடுதல் அடி.

காது என்றதும் ஒன்று. உங்களைப் பயமுறுத்தியது உதைப்பு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். பெரிய தோட்டாவின் சத்தமும் முகத்தில் அறையும் காற்றும் சேர்ந்துதான் உடம்பு அதை 'அடி' என்று பதிவு செய்துகொள்கிறது. நுரை அடைப்பானைக் காதுக்குள் வைத்து, அதன் மேல் கவசமும் போட்டுக்கொண்டு அதே துப்பாக்கியைச் சுடச் சொன்னால், உதைப்பே குறைந்ததுபோல் இருக்கிறது என்கிறவர்கள் ஏராளம். துப்பாக்கியில் எதுவும் மாறியிருக்காது. கூரையும் சுவரும் உள்ள தளத்தைவிடத் திறந்தவெளித் தளத்தில் ஆரம்பியுங்கள்.

சரி, அந்தக் கண் மூடும் பழக்கத்துக்கு வருவோம். கைத்துப்பாக்கியில் குண்டு குழலைவிட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு நொடி போதும். உதைப்பை நீங்கள் உணரும்போது குண்டு போய்விட்டது. இலக்கைக் கெடுப்பது உதைப்பு அல்ல, அது வரப்போகிறது என்று கை முன்கூட்டியே செய்யும் வேலை. இதை நம்ப வைக்க நான் செய்வது இதுதான். ரிவால்வரை வாங்கி, ஆறு அறையில் மூன்றில் மட்டும் தோட்டா போட்டு, மீதியில் சுட்ட வெற்றுக் கூடுகளை வைத்து, உருளையைச் சுழற்றி மூடி, குழல் இலக்கைப் பார்த்தபடியே சுடுபவர் கையில் கொடுக்கிறேன். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் தோட்டா வெடிக்கிறது. அடுத்ததற்கு விசையை இழுக்கிறார். சுத்தியல் வெற்றுக் கூட்டில் விழுந்து 'டக்' என்கிறது, ஆனால் குழல் முனை இரண்டு அங்குலம் கீழே குத்துகிறது, தோள் முன்னால் வருகிறது, இடது கண் மூடுகிறது. வெடிக்கவே இல்லை, உதைக்கவே இல்லை. தன் கை தானாகச் செய்ததைத் தன் கண்ணாலேயே அவர் பார்க்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு மாற்றம் தொடங்குகிறது. வெற்றுக் கூட்டில் முனை அசையாமல் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது வெறும் விசைப் பயிற்சி. தோட்டா எல்லாவற்றையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள். குழலைக் குண்டு துளைக்காத சுவர்ப்பக்கம் வைத்து, முன் சைட் (குழல் முனையில் குறிபார்க்க உள்ள மேடு) இம்மியும் அசையாமல் விசை விழும்படி இழுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். தளத்துக்குப் போனால், உதைப்பே தெரியாத சின்ன .22 காலிபரில் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டுப் பெரியதற்குப் போங்கள், பெரியதில் இருபதோடு நிறுத்துங்கள். களைத்த கையில் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் பழைய பயத்தைத்தான் திரும்பப் படிய வைக்கும். மரத்துப்போவது மறுநாளும் நீடித்தாலோ, கட்டைவிரல் அடியில் வலி இருந்தாலோ சுடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பயிற்சியாளன்தான், அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கடைசியாக, வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள். உங்கள் பகுதிச் சட்டம் எந்த வகையை அனுமதிக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, எஃகு .45 ஒன்றையும் கனமான .44 ஒன்றையும் ஒரே நாளில் இரவல் வாங்குங்கள். சுடும் முன் பிடியைச் சரிபாருங்கள்: குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதை விசையில் உட்கார வேண்டும். எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தால், உதைப்பு கட்டைவிரல் மூட்டில் நேராக இறங்கும். அந்தத் துப்பாக்கி எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்கானது அல்ல. ரிவால்வரில் பிடியின் பின்பக்கம் வெறும் உலோகமாக இருக்கிறதா, ரப்பர் மூடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த ரப்பர் பட்டையை மட்டும் மாற்றி வலி நின்றவர்கள் உண்டு. பிறகு ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா, பத்து மீட்டரில், நேரம் எடுத்துக்கொண்டு சுடுங்கள். கடைசித் தோட்டா வெடித்த நொடியில் முன் சைட் எங்கே இருந்தது என்று உங்களால் சொல்ல முடிகிற துப்பாக்கியை வாங்குங்கள். இரண்டிலும் சொல்ல முடியவில்லை என்றால் அன்று எதையும் வாங்காமல், இரண்டு மாதம் .22-உம் வெறும் விசையுமாகப் பழகிவிட்டு மறுபடி போங்கள். அப்போது சுட்ட காகிதத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால், ஓட்டைகள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்பதைப் பார்த்துக் கை என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.